'தீபன்' யார்? இரவல் பெயரில் ஒரு வாழ்க்கை: செஞ்சி முதல் பாரிஸ் வரை

பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயர் அவருடையது இல்லை. கூட வரும் மனைவி அவருடைய மனைவி இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் சிறுமி அந்த இருவருக்குமே மகள் இல்லை. இந்த மூன்று பொய்களோடு தொடங்கும் ஒரு படம்தான் 2015-ல் கான் திரைப்பட விழாவின் மிக உயர்ந்த பரிசான தங்கப்பனை விருதை வென்றது. படம் 'தீபன்'. இயக்கியவர் பிரான்ஸைச் சேர்ந்த ஜாக் ஓதியார். ஆனால், படத்தில் பெரும்பாலும் கேட்பது தமிழ்.

வேறொருவர் பெயரில் வாழ்வது எப்படி இருக்கும்? பெயரை மாற்றினால் சமூகத்தில் நம் இடமும் மாறிவிடுமா? படம் கேட்கும் கேள்வி இதுதான். இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. அதுவும் ஆயிரக்கணக்கானோர் வார இறுதியில் ஏறி இறங்கும் செஞ்சிக் கோட்டையைச் சுற்றிய ஊர்களில். முதலில் அதைப் பார்த்துவிட்டு பாரிஸுக்குப் போகலாம்.

செஞ்சியில் ஒரு பெயர்: 'நீறுபூசி'

செஞ்சி என்றதும் நினைவுக்கு வருவது ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்ற மூன்று மலைகளையும் இணைத்து ஓடும் மதில். ராஜா தேசிங்கு கதை. இப்போது கூடுதலாக யுனெஸ்கோ. மராட்டியர்களின் ராணுவக் கோட்டைகள் என்ற தொகுப்பில் 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட 12 கோட்டைகளில் செஞ்சியும் ஒன்று. அந்தப் பட்டியலில் உள்ள ஒரே தமிழ்நாட்டுக் கோட்டை இது.

கோட்டைக்கு வெளியே இன்னொரு செஞ்சி இருக்கிறது. அது தமிழ்ச் சமணர்களின் செஞ்சி. ஊருக்குப் பக்கத்தில் உள்ள திருநாதர்குன்றில் ஒரு பெரிய பாறையில் 24 தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. சந்திரநந்தி என்ற துறவி 57 நாட்கள் உண்ணாமல் இருந்து உயிர் நீத்ததைச் சொல்லும் மிகப் பழைய கல்வெட்டும் அங்கேதான் இருக்கிறது. செஞ்சிக்கு அருகே உள்ள மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் இன்றும் இயங்குகிறது.

இந்தப் பகுதிச் சமணர்களிடம் வழிவழியாகச் சொல்லப்பட்ட ஒரு கதையை, 1906-ல் வெளிவந்த தென்னாற்காடு மாவட்ட கெசட்டியர் பதிவு செய்திருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால் கதை இதுதான்:

செஞ்சியை ஆண்ட தலைவர் ஒருவர். கோட்டை, படை, வரி எல்லாம் அவர் கையில். ஆனால், அவருடைய பிறப்பு உயர்ந்ததாகக் கருதப்படவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க உயர்குலம் எனப்பட்ட குடும்பத்தில் பெண் கேட்கிறார். கேட்கப்பட்டவர்கள் நேரடியாக மறுக்கவில்லை. 'சமணர்கள் கொடுத்தால் நாங்களும் கொடுக்கிறோம்' என்று நழுவுகிறார்கள். சமணக் குடும்பம் ஒன்று சம்மதிப்பதுபோலச் சொல்கிறது. குறித்த நாளில் ஊர்வலமாக வந்த தலைவர் பார்த்தது ஆளில்லாத ஒரு வீட்டை. மணப்பெண்ணுக்குப் பதிலாக அங்கே கட்டப்பட்டிருந்தது ஒரு பெண் நாய்.

அவமானம் வெறியாக மாறுகிறது. சமணர்களின் தலையை வெட்டச் சொல்லி உத்தரவு போகிறது. சிலர் ஊரை விட்டு ஓடுகிறார்கள். சிலர் வீட்டுக்குள் ரகசியமாகத் தங்கள் சமயத்தைக் காப்பாற்றுகிறார்கள். வேறு சிலர் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு சைவர்களாகிவிடுகிறார்கள். 'நீறுபூசி வேளாளர்' என்ற பெயர் இப்படித்தான் வந்தது என்பது வழக்கில் உள்ள விளக்கம்.

கதை அதோடு முடியவில்லை. சமண முறைப்படி நடந்துகொண்டதால் மாட்டிக்கொண்ட ஒருவர், தலைவர் வீட்டில் அப்போதுதான் குழந்தை பிறந்திருந்ததால் தப்பிக்கிறார். சிரவணபெளகொளவுக்குப் போய் வீரசேனாச்சாரியார் என்ற துறவியாகிறார். தாயனூரைச் சேர்ந்த காங்கேய உடையார் என்பவர் உடையார்பாளையம் பாளையக்காரரிடம் அடைக்கலம் பெறுகிறார். நிலைமை தணிந்ததும் துறவியைத் திரும்ப அழைத்து வருகிறார். திருநீறு பூசியவர்களில் பலர் மீண்டும் சமணர்களாகிறார்கள்.

இது நடந்ததா?

கெசட்டியர் சொல்லும் ஆண்டு 1478. ஆனால், செஞ்சியில் நாயக்கர் ஆட்சி நிலைபெற்றது 16-ஆம் நூற்றாண்டில்தான். கதையில் வரும் தலைவரின் பெயரும் ஒரே மாதிரி சொல்லப்படுவதில்லை. எனவே இதை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு சமூகம் தனக்கு நேர்ந்ததை நினைவில் வைத்துக்கொண்ட விதம் என்று எடுத்துக்கொள்வதே சரி.

அந்த நினைவில் இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டியவை. ஒன்று, பிரச்சினை தொடங்குவதே அந்தஸ்தில். கோட்டையையே வைத்திருந்தவருக்குக்கூடக் குலப் பெருமையை வாங்க முடியவில்லை. இன்னொன்று, உயிர் பிழைக்கத் தேவைப்பட்டது ஒரு விரல் அளவு சாம்பல். அடையாளம் என்று நாம் பெரிதாகப் பேசுவது, அடுத்தவர் கண்ணுக்குச் சில நேரம் நெற்றியில் தெரியும் ஒரு கோடுதான்.

உயிருக்காகப் போட்ட வேஷமே பிறகு அந்த மக்களின் பெயராகிவிட்டது என்பதுதான் கதையின் திருப்பம். கிட்டத்தட்ட இதே திருப்பத்தைத்தான் 'தீபன்' படமும் எடுக்கிறது.

(ஸ்பாய்லர் அலர்ட்: இனி வரும் பகுதிகளில் படத்தின் கதையும் முடிவும் பேசப்படுகின்றன.)

'தீபன்' கதை என்ன?

இலங்கையில் போர் முடியும் தறுவாய். சிவதாசன் என்ற போராளி, இறந்த தோழர்களின் உடல்களுக்குத் தீ மூட்டுகிறார். தன் சீருடையையும் அதே தீயில் போட்டுவிட்டுச் சாதாரண உடைக்கு மாறுகிறார். படத்தின் முதல் சில நிமிடங்களிலேயே ஒரு மனிதனின் பழைய வாழ்க்கை சாம்பலாகிவிடுகிறது.

முகாமில் யாழினி என்ற இளம்பெண் தாயில்லாத ஒரு சிறுமியைத் தேடி அலைகிறார். ஏன்? ஏஜென்ட் கையில் இருப்பது இறந்துபோன ஒரு குடும்பத்தின் பாஸ்போர்ட்கள். தீபன், அவர் மனைவி, அவர்களுடைய மகள். அந்த மூன்று இடங்களுக்கும் ஆள் வேண்டும். கிடைப்பவள் இளையாள் என்ற 9 வயதுச் சிறுமி. சற்று முன்புவரை ஒருவரையொருவர் பார்த்தே இராத மூவர், 'குடும்பமாக' பிரான்ஸுக்குப் புறப்படுகிறார்கள்.

பாரிஸில் முதலில் தெருவில் மின்னும் விளக்குப் பொம்மைகள் விற்கிறார் தீபன். போலீஸைக் கண்டால் ஓட்டம். பிறகு அகதித் தஞ்சத்துக்கான நேர்காணல். அங்கே மொழிபெயர்ப்பாளரும் தமிழர்தான். ஏஜென்ட் மனப்பாடம் செய்ய வைத்த கதை அங்கே எடுபடாது என்பது அவருக்குத் தெரியும். அவர் உதவியோடு கதை மாறுகிறது, காகிதம் நகர்கிறது.

அடுத்து வேலை. பாரிஸின் புறநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி. காவலாளி என்றால் கேட்டில் உட்கார்வது மட்டுமில்லை. படிக்கட்டு துடைக்க வேண்டும், தபால் பிரித்துப் போட வேண்டும், பழுதான பல்பை மாற்ற வேண்டும். அந்தக் குடியிருப்போ போதைப்பொருள் கும்பலின் கையில் இருக்கிறது. கும்பல் கூடும் கட்டடத்தை அவர்கள் இல்லாத நேரத்தில்தான் துடைக்க முடியும். யாழினிக்கு அங்கேயே ஒரு முதியவருக்குச் சமைத்து வீட்டைச் சுத்தம் செய்யும் வேலை. இளையாள் பள்ளிக்கூடம் போகிறாள்.

ஏன் குடும்பமாகவே நடிக்க வேண்டும்?

இங்கே சட்டப் பின்னணி கொஞ்சம் தெரிந்திருந்தால் படம் இன்னும் புரியும்.

1951-ஆம் ஆண்டு ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு ஒரு நடைமுறை உண்மையை ஏற்றுக்கொள்கிறது. உயிருக்குப் பயந்து ஓடிவருபவரிடம் சரியான ஆவணங்கள் இருக்க வாய்ப்பு குறைவு. எனவே, ஆபத்து இருக்கும் இடத்திலிருந்து நேரடியாக வந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் தன்னை ஒப்படைத்துக் காரணம் சொல்பவரை, சட்டவிரோதமாக நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. பிரான்ஸ் இந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடு. இந்தியா கையெழுத்திடவில்லை.

ஆனால், அதிகாரி முன் போய் நிற்பதற்கு முதலில் விமானம் ஏற வேண்டும். அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். கையில் கிடைத்த பாஸ்போர்ட் ஒரு குடும்பத்துடையது என்றால், குடும்பமாகத்தான் போக வேண்டும். நேர்காணலில் பெயர், வயது, உறவு என்று ஒருமுறை சொன்னது கோப்பில் ஏறிவிட்டால், அதற்குப் பிறகு அதிலிருந்து இறங்குவது கஷ்டம். பொய் என்று தெரிந்தால் மூவருக்கும் ஆபத்து. ஒருவர் விலகினாலும் மற்ற இருவர் மாட்டுவார்கள்.

அதனால்தான் படத்தில் வீட்டுக் கதவைச் சாத்திய பிறகும் நடிப்பு தொடர்கிறது. பள்ளி வாசலில் மற்ற அம்மாக்கள் பிள்ளைகளுக்கு முத்தம் கொடுப்பதைப் பார்த்த இளையாள், தனக்கும் அப்படி ஒன்று கொடுக்கச் சொல்லி யாழினியிடம் கேட்கிறாள். அது நடிப்பா, ஏக்கமா என்று பார்ப்பவருக்கும் தெரியாது, யாழினிக்கும் தெரியாது.

இன்னொரு காட்சி செஞ்சிக் கதையை அப்படியே நினைவுபடுத்துகிறது. அக்கம்பக்கத்துப் பெண்கள் பலர் தலையில் துணி கட்டியிருப்பதைக் கவனிக்கும் யாழினி, தானும் தலையை மூடிக்கொண்டு வெளியே போகத் தொடங்குகிறார். மத நம்பிக்கை காரணமில்லை. கூட்டத்தில் தனியாகத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். அங்கே சாம்பல், இங்கே ஒரு துணி.

பெயர் கிடைத்தது, இடம்?

இங்கேதான் படம் மற்ற அகதிக் கதைகளிலிருந்து விலகுகிறது. சிவதாசன் தன் நாட்டில் ஆட்களுக்குக் கட்டளையிட்டவர். தீபன் துடைப்பம் பிடிப்பவர். பெயர் மாறியதால் உயிர் பிழைத்தது. ஆனால், அந்தப் புதிய பெயருக்குப் புதிய சமூகம் ஒதுக்கியது படிக்கட்டுக்குக் கீழே உள்ள வேலையை.

சரி, இது தற்காலிகம்தானே, மெல்ல மேலே வரலாமே என்று தோன்றலாம். படம் அதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மேலே வரத் தேவைப்படுவது மொழி. அது மூவரில் சிறுமிக்குத்தான் முதலில் வருகிறது. பெரியவர்களுக்கு அவளே மொழிபெயர்ப்பாளர். வீட்டின் அதிகாரம் சத்தமில்லாமல் 9 வயதுப் பிள்ளையின் கைக்குப் போகிறது. வெளிநாடுகளில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் வங்கிக் கடிதத்தையும் டாக்டர் சீட்டையும் பெற்றோருக்குப் படித்துச் சொல்லி வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சிகள் நன்றாகவே புரியும்.

தீபன் ஒரு கட்டத்தில் யாழினியிடம் குறைப்படுகிறார்: இங்குள்ளவர்கள் பேசுவது புரிகிறது, ஆனால் ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. அதற்கு அவர், உனக்குத் தமிழிலும் நகைச்சுவை வராது என்ற பொருளில் பதில் சொல்கிறார். படத்தில் மனம்விட்டுச் சிரிக்கும் சில இடங்களில் இது ஒன்று. ஆனால் விஷயம் சீரியஸ். சொற்களைக் கற்றுக்கொள்ளலாம், ஓர் இடத்தின் சிரிப்புக்குள் நுழைய இன்னும் நிறைய நாள் ஆகும். புதிய ஆபீஸில் சீனியர்களின் ஜோக்குக்குப் புரியாமலே சிரித்த முதல் தலைமுறைப் பட்டதாரி யாரும் இதை ஒத்துக்கொள்வார்கள்.

பழைய பெயரும் சும்மா விடுவதில்லை. இயக்கத்தின் முன்னாள் தளபதி ஒருவர் தீபனைக் கண்டுபிடித்து, மறுபடி ஆயுதத்துக்குப் பணம் திரட்டச் சொல்கிறார். போர் முடிந்துவிட்டது என்று சொன்னதற்குக் கிடைப்பது அடி. பிறகு குடியிருப்பில் துப்பாக்கிச் சூடு நடக்கும்போது, தீபன் தரையில் வெள்ளைக் கோடு ஒன்றைப் போட்டு அதைச் சூடு தவிர்க்கப்பட்ட பகுதியாக அறிவிக்கிறார். 2009-ல் வன்னியில் 'பாதுகாப்பு வலயம்' என்று சொல்லப்பட்ட இடங்களில் மக்களுக்கு என்ன நடந்தது என்று தெரிந்தவர்களுக்கு, அந்தக் கோட்டின் கசப்பு புரியும்.

நடித்தவரின் சொந்தக் கதை

தீபனாக நடித்த அன்ரனிதாசன் யேசுதாசனைத் தமிழ் வாசகர்களுக்கு ஷோபாசக்தி என்று சொன்னால்தான் தெரியும். 1967-ல் பிறந்தவர். யாழ்ப்பாணத்தை ஒட்டிய அல்லைப்பிட்டியைச் சேர்ந்தவர். பதின்ம வயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் சேர்ந்து, பிறகு வெளியேறியவர். தாய்லாந்தில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு 1993-ல் பிரான்ஸுக்குப் போய்த் தஞ்சம் பெற்றார். உணவகம், சூப்பர் மார்க்கெட் என்று கிடைத்த வேலைகளைச் செய்துகொண்டே எழுதினார். 2001-ல் 'கொரில்லா', 2004-ல் 'ம்' ஆகிய நாவல்கள் வந்தன.

'கொரில்லா' ஓர் அகதி விண்ணப்பத்தின் வடிவில் தொடங்குகிறது என்பது இந்தப் படத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய விஷயம். தீபன் பாத்திரத்தில் பாதிக்குப் பாதி தன் வாழ்க்கை இருக்கிறது என்று அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அன்ரனிதாசன் என்ற பெயரில் காகிதம், ஷோபாசக்தி என்ற பெயரில் எழுத்து, தீபன் என்ற பெயரில் சினிமா. ஒரே மனிதர் மூன்று பெயர்களில் வாழ்வது அவருக்குத் திரைக்கதை இல்லை, அன்றாடம்.

யாழினியாக நடித்த காளீஸ்வரி சீனிவாசன் சென்னை நாடகக் கலைஞர். அவருக்கு இது முதல் படம். சென்னைப் பெண் ஒருவர் ஈழத் தமிழ் பேசி, ஈழப் பெண்ணாக, வேறொரு ஈழப் பெண்ணின் பெயரில் வாழ்பவராக நடித்தார். இளையாளாக நடித்த குளோடின் வினாசித்தம்பிக்கும் அதுவே முதல் படம். தெரிந்த நட்சத்திர முகம் ஒன்றுகூட இல்லாத இந்தப் படத்துக்குத்தான் கோயன் சகோதரர்கள் தலைமையிலான நடுவர் குழு தங்கப்பனையைக் கொடுத்தது.

நம்ம ஊர் ஆள்மாறாட்டம் எப்படி?

தமிழ் சினிமாவில் ஆள்மாறாட்டம் பழைய சரக்கு. 1964-ல் வந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில், காதலியின் அப்பாவை மடக்க முத்துராமன் பணக்காரத் தந்தையாக வேஷம் போடுகிறார். 1981-ல் 'தில்லு முல்லு' படத்தில் வேலையைக் காப்பாற்ற ரஜினி மீசையை எடுத்துவிட்டு இல்லாத தம்பியாகிறார். இரண்டும் இன்றைக்கும் மீம்களில் வாழும் காமெடிகள்.

சிரிப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான். வேலை கொடுப்பவரோ பெண் கொடுப்பவரோ ஒரு 'தகுதி' கேட்கிறார். அது இல்லாதவர் இருப்பதுபோல நடிக்கிறார். கடைசியில் உண்மை தெரிந்ததும் பெரியவர் கோபப்பட்டு, பிறகு சிரித்து, கல்யாணம் நடத்தி வைக்கிறார். காமெடியில் மேலே இருப்பவர் மன்னித்துவிடுவார் என்ற உறுதி இருக்கிறது. டிராமாவில் அது கிடையாது.

2019-ல் அதே தங்கப்பனையை வென்ற கொரியப் படம் 'பாரசைட்' இதை இன்னும் கறாராகச் சொன்னது. ஓர் ஏழைக் குடும்பம் பொய்ச் சான்றிதழ், பொய்ப் பெயர்களோடு ஒரு பணக்கார வீட்டில் ஒவ்வொருவராக வேலைக்குச் சேர்கிறது. பேச்சு, உடை, நடை எல்லாவற்றையும் மாற்றிக்கொள்கிறார்கள். ஆனால், அடித்தள வீட்டின் வாடை மட்டும் உடலை விட்டுப் போவதில்லை. முதலாளியின் சின்னப் பையன் அதை முகர்ந்தே கண்டுபிடிக்கிறான்.

படத்தின் மீது விமர்சனம் இல்லையா?

உண்டு. படத்தின் கடைசிப் பகுதி வந்தபோதே சர்ச்சையானது. யாழினியைக் காப்பாற்ற தீபன் மறுபடி போராளியாகி, கும்பலை வெட்டியும் சுட்டும் முன்னேறுகிறார். அதுவரை நிதானமாகப் போன குடும்பக் கதை திடீரென ஆக்‌ஷன் படமாகிவிட்டது என்று பலர் குறைப்பட்டார்கள். பாரிஸ் புறநகர் முழுவதையும் போர்க்களம்போலக் காட்டியது நியாயமா என்ற கேள்வியும் எழுந்தது. அங்கே வாழ்பவர்களும் பெரும்பாலும் இதே போல வேறு நாடுகளிலிருந்து வந்த உழைக்கும் மக்கள்தான்.

இறுதிக் காட்சி இங்கிலாந்து. பசுமையான தோட்டம், நண்பர்கள், ஒரு கைக்குழந்தை, இதமான வெளிச்சம். இது உண்மையா, தீபனின் கனவா என்று இன்றும் விவாதம் நடக்கிறது. எப்படி எடுத்துக்கொண்டாலும் ஒன்று தெளிவு. பொய்யாகத் தொடங்கிய குடும்பம் இப்போது பொய் இல்லை. நீறுபூசியவர்களுக்கு நீறே பெயரானதுபோல, நடித்த உறவே இவர்களுக்கு உறவாகிவிட்டது. ஆனால், அதற்கு அவர்கள் இன்னொரு நாட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

செஞ்சி இருக்கும் மாவட்டத்தில் ஒரு முகாம்

இது எங்கோ பாரிஸில் நடக்கும் கதை என்று தள்ளிவைக்க முடியாது. செஞ்சி இருக்கும் அதே விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடையே கீழ்ப்புத்துப்பட்டு முகாம் இருக்கிறது. தீபனைப் போலவே கடல் கடந்து வந்த குடும்பங்கள் அங்கே பல ஆண்டுகளாக வாழ்கின்றன. இவர்கள் வேறு பெயரில் வரவில்லை. சொந்தப் பெயரில்தான் வந்தார்கள்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட தகவலின்படி, மாநிலம் முழுவதும் முகாம்களில் இருந்தவர்கள் 58,000-க்கும் அதிகம். அப்போது அரசு இரண்டு விஷயங்களை அறிவித்தது. ஒன்று, 317 கோடி ரூபாய்க்கும் மேலான நலத் திட்டங்கள். பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவது, மாதாந்திர உதவித்தொகையைக் குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்துவது எல்லாம் அதில் அடக்கம். இன்னொன்று, பெயர் மாற்றம். 'அகதிகள் முகாம்' என்பது இனி 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று அழைக்கப்படும் என முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் சொன்னார்.

இந்தப் பெயர் மாற்றத்தை முகாம் மக்கள் பலர் வரவேற்றார்கள். 'அகதி' என்ற சொல்லோடு பள்ளியில் வளர்ந்த பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனால், பெயர்ப் பலகையோடு மாற முடியாத ஒன்று குடியுரிமை.

விதி இப்படி: 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு விதி இன்னும் கடுமை. 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய 3 நாடுகளிலிருந்து வந்த குறிப்பிட்ட 6 சமயத்தினருக்கு மட்டும் வழி திறந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. விளைவு? முகாமிலேயே பிறந்து, தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்து, இலங்கையைப் பார்த்தே இராத இளைஞருக்கும் சட்டத்தின் பார்வையில் அந்த நாடு சொந்தம், இந்த நாடு அந்நியம்.

வர்க்கம் உள்ளே வருவது இங்கேதான். பட்டம் வாங்கினாலும் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. பாஸ்போர்ட் கேட்கும் கம்பெனி வேலையும் கஷ்டம். முகாம் ஆண்களில் பலருக்குப் பிழைப்பு பெயின்ட் அடிக்கும் வேலை. அதில் படித்தவர்களும் உண்டு. பாரிஸில் தீபன் பிடித்த துடைப்பத்துக்கும் இந்த பிரஷ்ஷுக்கும் பெரிய தூரமில்லை.

சொந்தப் பெயருக்காக ஒரு வழக்கு

2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு வழக்கு வந்தது. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், தனக்கு இந்திய பாஸ்போர்ட் வேண்டும் என்று கேட்டிருந்தார். அதிகாரிகள் மறுத்திருந்தார்கள். அவருடைய பிறந்த தேதி 1987 ஜூலைக்கு முன்பு என்பதால் சட்டப்படி அவர் பிறப்பாலேயே இந்தியர் என்றது நீதிமன்றம். பாஸ்போர்ட் வழங்க உத்தரவு கிடைத்தது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் முதன்முறையாக ஓட்டுப் போட்டார். அப்போது அவருக்கு வயது 38.

தீபனுக்கு உயிர் பிழைக்க இறந்தவர் ஒருவரின் பாஸ்போர்ட் தேவைப்பட்டது. இந்தப் பெண் தன் பெயரிலேயே ஒரு பாஸ்போர்ட் கேட்டு நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அவருக்குக் கைகொடுத்தது பிறந்த தேதி. அதே முகாம்களில் அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு, அந்தத் தீர்ப்பு சொன்ன வழி திறக்காது.